மேளம் நின்ற மூன்று மூச்சு

அலுவாக்ரோ
1991 ஜனவரி 12

அஹூவுக்கு,

அமெனான் எழுதுகிறேன். முப்பத்தெட்டு வருடம் வாயைத் திறக்காதவள் இப்போது எழுதுகிறாளே, என்ன வேண்டுமாம் என்று நீ நினைப்பாய். வேண்டும்தான். இல்லாவிட்டால் மிஷன் வீட்டில் இரண்டு மழைக்காலம் கற்ற இந்த எழுத்தைத் தூசி தட்டி எடுத்திருக்க மாட்டேன்.

சின்னம்மா போன செய்தியைக் கிழங்கு லாரிக்காரனிடம் சொல்லி அனுப்பினேன். நீ இரண்டு துணியும் ஒரு கூடை கோகோவும் அனுப்பினாய். நீ வரவில்லை. உன் தாயும் என் தாயும் ஒரே வருடத்தில் போன பிறகு நம் இருவரையும் ஒரே பாயில் போட்டு, ஒரே சட்டியில் சோறு போட்டு வளர்த்தவள் அவள். அவள் குழிக்குள் இறங்கியபோது உன் இடத்தில் காற்று நின்றது. அதையும் நான் மறக்கப் போவதில்லை.

பெரிய சாவுச் சடங்கு பிப்ரவரி கடைசிச் சனிக்கிழமை. மரத்தில் செதுக்கிய என் முகம் வெளியே வர வேண்டும். அலுவாக்ரோவில் வயதான பெண் செத்து முகம் ஆடாமல் போனது கிடையாது. சின்னம்மா சாகிற வாரத்தில்கூட என்னிடம், "எனக்கு உன் முகம் ஆடணும்டி. ஆடு மாடெல்லாம் அப்புறம்" என்றாள்.

என் வீட்டுக்காரர் லூக்கு போன பிறகு அவர் மருமகன் ப்ரூதான் முகத்தை அணிந்து ஆடுகிறான். பரவாயில்லை, முழங்கால் இன்னும் கொஞ்சம் மடங்க வேண்டும். சிக்கல் அவனிடம் இல்லை. கிழங்கு தோண்டும் பருவத்தில் ஓடைக்கரையில் வழுக்கி விழுந்தேன். இடுப்பு எலும்பு போய்விட்டது. உட்கார வைத்தால் உட்காருவேன், கிடத்தினால் கிடப்பேன். நிற்க முடியாது. முகம் எவளுடையதோ அவள் அதன் பக்கத்தில் கவரியைப் பிடித்துக்கொண்டு ஆட வேண்டும். ஜோடி இல்லாத முகம் துணிமறைப்பை விட்டு ஒரு அடி வெளியே வைக்காது.

பெரியவர்கள் கூடி, ப்ரூவின் பெண்டாட்டி அமுவான் நிற்கட்டும் என்கிறார்கள். அவள் கிழங்கு இடிக்கும்போதுகூடச் சூயிங்கம் மெல்லுகிறவள். என் படுக்கைக்குப் பக்கத்தில் வந்து, "அந்த ஆட்டம் எனக்கு ரெண்டே நாள்ல வந்துரும் அத்தை, நீங்க கவலப்படாதீங்க" என்றாள். எனக்கு நான்கு வருடம் ஆனது. அவள் மூன்று தடவை பக்கத்தில் நின்றால் போதும், ஊர் அதை அமுவானின் முகம் என்று கூப்பிடும். என் முகத்தை விட்டுக்கொடுத்துத்தான் ஆக வேண்டும் என்றால், யாரை எதற்காக வெறுக்கிறேன் என்று எனக்கு நன்றாகத் தெரிந்த ஒருத்தியிடம் கொடுக்கிறேன். அந்த ஆட்டம் தெரிந்தவள் என்னைத் தவிர நீ மட்டும்தான்.

ஆகவே வந்து நில். வந்தால் இவற்றை நான் மறந்துவிட்டேன் என்று எண்ணாதே. 1953இல் நான் பிள்ளை பெற்று உள்ளே கிடந்தபோது என் முகத்தின் பக்கத்தில் நின்றாய். உன் பெயரைச் சொல்லிப் பாடவைத்தாய். எனக்கு லூக்கு வாங்கித் தந்த நீலத் துணியைக் கட்டிக்கொண்டு நின்றாய், அதைத் திருப்பித் தரவே இல்லை. லூக்கு சாகும்போதுகூட "அஹூவைக் கூப்பிடு" என்றார். என் பெயரைச் சொல்லவில்லை.

லாரி வியாழக்கிழமை திரும்பும். பதிலை அதில் கொடுத்து அனுப்பு.

அமெனான்


சூப்ரே, கோகோ தோட்டம்
1991 ஜனவரி 24

அமெனான் அக்காவுக்கு,

உங்கள் கடிதம் வந்தது. உங்கள் இடுப்புக்கு ஆக வேண்டியதைச் செய்துகொள்ளுங்கள். தேங்காய் எண்ணெயில் இஞ்சி அரைத்துப் போட்டால் வலி குறையும்.

நான் திருடிய துணியை எழுதியிருக்கிறீர்கள். நீங்கள் சொன்ன சொல்லை எழுதவில்லை. அதனால் நான் எழுதுகிறேன். ஆட்டம் முடிந்த எட்டாம் நாள் உங்கள் குழந்தை இறந்தது. மறுநாள் காலை, தண்ணீர் எடுக்கப் போகும் பெண்கள் எல்லாம் நின்றிருக்க, என் வாசலில் வந்து நின்றீர்கள். "எம் முகத்தைத் தின்னா. அது பத்தல, எம் புள்ளையையும் தின்னுட்டா" என்றீர்கள்.

நம் ஊரில் ஒரு பெண்ணைப் பார்த்து அப்படிச் சொல்லிச் சூனியக்காரியாக்கினால் என்ன நடக்கும் என்று உங்களுக்குத் தெரியும். என் கையால் யாரும் தண்ணீர் வாங்கவில்லை. என் சட்டியில் யாரும் கை வைக்கவில்லை. பிள்ளைகளை வைத்திருந்தவர்கள் நான் வரும் பாதையை விட்டு இறங்கிப் புல்லில் நடந்தார்கள். சின்னம்மா மட்டும் என் கையால் சாப்பிட்டாள். ஊர் பார்க்கட்டும் என்று வாசலில் உட்கார்ந்து சாப்பிட்டாள். மூன்றாவது மாதம் என் கணவர் மூட்டை கட்டினார். இங்கே காடு வெட்டிக் கோகோ நட்டோம். இங்கே யாருக்கும் அந்தச் சொல் தெரியாது. ஆனாலும் பக்கத்துக் குடிசையில் குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் இன்றுவரை நான் உள்ளே போவதில்லை. வாசலிலிருந்தே கேட்டுவிட்டு வருவேன்.

சின்னம்மாவின் புதைகுழிக்கு ஏன் வரவில்லை என்று இப்போது தெரிகிறதா?

நான் வருகிறேன். ஆனால் முகம் வெளியே வருவதற்கு முன், ஊர் முன்னால், நீங்கள் வாயில் தண்ணீர் வைத்துத் தரையில் துப்பி அந்தச் சொல்லைத் திரும்ப எடுக்க வேண்டும். அது நடக்காவிட்டால் அமுவானே நிற்கட்டும். சூயிங்கம்மோடு நிற்கட்டும்.

இன்னொன்று. என் முகம், என் முகம் என்கிறீர்கள். அதை எதிரிலிருந்து ஒரு தடவையாவது பார்த்திருக்கிறீர்களா? ஆட்டம் இல்லாத நாளில் அது துணியில் சுற்றிக் கிடக்கும். ஆடும் நாளில் நீங்கள் அதன் பக்கத்தில் நின்று கூட்டத்தைப் பார்ப்பீர்கள். கூட்டத்தில் நின்று நான்கு வருடம் அதைப் பார்த்தவள் நான்.

அஹூ


அலுவாக்ரோ
1991 பிப்ரவரி 1

அஹூவுக்கு,

"நீங்கள்" என்று எழுதியிருக்கிறாய். மூக்கு ஒழுகிக்கொண்டு என் முதுகில் தொங்கியவள் என்னை நீங்கள் என்கிறாள். கன்னத்தில் அறைந்திருந்தால் இதைவிடக் குறைவாக வலித்திருக்கும்.

துப்ப மாட்டேன். நான் பொய் சொன்னேன் என்று ஊர் முன்னால் ஒத்துக்கொள்ளச் சொல்கிறாயா? நான் காதால் கேட்டதைத்தான் சொன்னேன். என் ஞாபகத்தை யாரும் குறை சொன்னதில்லை. முகம் செதுக்கிய வருடத்தில் எந்த ஆட்டுக்குட்டி எந்தக் கிணற்றில் விழுந்தது என்று கேள், சொல்கிறேன்.

அந்த மரம் செதுக்குகிறவன் ஏழு நாள் ஓடைக்கரையில் உட்கார்ந்து என்னையே பார்த்தது உனக்கு ஞாபகம் இருக்கிறதா? நாம் இருவரும் துணி துவைத்துக்கொண்டிருந்தோம். "அக்கா, அந்தாளு கண்ணு சரியில்ல, கல்லெடுக்கவா?" என்று கேட்டாய். நான் வீட்டுக்கு வந்து லூக்குவிடம் சண்டை போட்டேன். அவர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். "உன் மூஞ்சிக்காக ஒரு கிடா கொடுத்துருக்கேன். அவன் பாக்காம எப்படிச் செதுக்குவான்?" என்றார். அன்று இரவு நாம் மூவரும் சின்னம்மாவோடு உட்கார்ந்து கத்திரிக்காய்க் குழம்பில் கிழங்கைத் தொட்டுச் சாப்பிட்டோம். சின்னம்மா என் முகத்தை விளக்குக்கு நேரே திருப்பி, "இதுல என்ன இருக்குன்னு ஒரு கிடாயைக் குடுத்தான்?" என்றாள். நீ சிரித்துச் சிரித்துப் புரை ஏறி, கிழங்கு மூக்கில் வந்தது.

முதல் தடவை அது வெளியே வந்த நாளில் அதன் காலையே பார்த்துக்கொண்டு நடந்தேன். பத்துத் துணிக்குள்ளே என் கணவர் இருக்கிறார், வெளியே தெரிவது சலங்கை கட்டிய இரண்டு கால்கள் மட்டும். அந்தக் கால்களை எனக்குத் தெரியும். முகத்தின் உட்புறத்துக் குச்சியைப் பற்களால் கடித்துப் பிடித்திருப்பதால் அவரால் பேச முடியாது. மூச்சு மட்டும் கேட்கும். அந்த மூச்சை வைத்துத்தான் எப்போது திரும்புவது, எப்போது கவரியை வீசுவது என்று கற்றேன். ஒரு பெண்ணுக்கு இதைவிட என்ன வேண்டும் சொல்.

அதைத்தான் நீ எடுத்தாய். பிள்ளை பெற்ற நாலாம் நாள், நான் உள்ளே கிடக்கிறேன். சகாசு பக்கமிருந்து பெரிய மனிதர்கள் வந்துவிட்டார்கள், முகம் ஆடியே ஆக வேண்டும் என்று உன்னை நிறுத்தினார்கள். சுவருக்கு இந்தப் பக்கம் படுத்து எல்லாம் கேட்டேன். சலங்கை கேட்டது. பாட்டுக்காரன் "அஹூவின் முகம் வருது, வழி விடுங்க" என்று பாடியது கேட்டது. உடனே மேளம் நின்றது. மூன்று மூச்சு நேரம். எண்ணினேன். ஊரே உன் அழகைப் பார்த்து வாயடைத்துப்போன மூன்று மூச்சு. அதற்குப் பிறகு துணியைத் தலைக்கு மேல் இழுத்துக் காதைப் பொத்திக்கொண்டேன். மறுநாள் ஊரில் எந்தக் குழந்தையைக் கேட்டாலும் அது அஹூவின் முகம்.

இதில் எது பொய்?

அமெனான்


சூப்ரே, கோகோ தோட்டம்
1991 பிப்ரவரி 7

அக்காவுக்கு,

நீங்கள் எழுதியதில் ஒன்றுகூடப் பொய் இல்லை. மேளம் நின்றது. மூன்று மூச்சுதான்.

ஏன் நின்றது என்று நான் சொன்னால் நம்ப மாட்டீர்கள். உங்கள் வாசலுக்கு வந்து சொல்லலாம் என்று ஆட்டம் முடிந்த எட்டு நாளும் நினைத்தேன். நீங்கள் பிள்ளையோடு எழுந்து நடமாடும்வரை பொறுப்போம் என்று இருந்தேன். பிறகு அந்தச் சொல் வந்துவிட்டது. அந்தச் சொல்லைக் கேட்ட பிறகு ஒருத்தி எதைச் சொன்னாலும் அது குற்றவாளியின் பேச்சாகத்தான் கேட்கும்.

பெரிய மேளம் அடித்த காங்கா உயிரோடு இருக்கிறாராம், லாரிக்காரன் சொன்னான். அவரைக் கேளுங்கள்.

அஹூ


அலுவாக்ரோ
1991 பிப்ரவரி 13

அஹூ,

காங்காவை வரவழைத்தேன். கண் தெரியவில்லை, காது அரைகுறை. கை மட்டும் சும்மா இருப்பதில்லை. என் கட்டில் காலில் தாளம் போட்டபடியே உட்கார்ந்தார். 1953 என்றவுடன் எந்த ஆட்டம் என்று கேட்கவில்லை. "சகாசுக்காரங்க வந்த அன்னிக்கா?" என்றார். அவர் சொன்னதை அப்படியே எழுதுகிறேன்.

"பாட்டுக்காரனும் அவங்க ஊரு. அவனுக்கு உன்னத் தெரியாது. பக்கத்துல நிக்கிறவ பேரென்னன்னு கேட்டான், எவனோ அஹூன்னான். அவன் அதையே தூக்கிப் பாடிட்டான். அந்தப் புள்ள சட்டுனு நின்னுட்டா. கவரியைத் தரையில போட்டுட்டா. ஜோடி நின்னுட்டா முகம் நகரக் கூடாதே, லூக்கு ஒத்தக் காலத் தூக்குனபடியே நிக்கிறாரு. நானும் கைய நிறுத்திட்டேன். அத்தன பெரிய மனுசங்க உக்காந்திருக்காங்க. அவ பாட்டுக்காரனப் பாத்து, சத்தம் போடாம, 'இது எங்க அக்கா முகம். அவ பிள்ள பெத்து உள்ள கெடக்கா. அமெனான்னு பாடு'ன்னா. அவன் முழிச்சான். மறுபடி சொன்னா. மூணாந்தரம் சொன்னதும் பாடுனான். அப்புறந்தான் குனிஞ்சு கவரிய எடுத்தா. ஆனா சனம் மொதப் பேரப் புடிச்சுக்கிச்சு. மொதல்ல விழுந்த பேருதான் ஒட்டும்."

ஒவ்வொரு தடவை நீ சொல்லி முடித்ததற்கும் ஒரு மூச்சு. அப்போது எனக்குக் கணக்குச் சரியாக வந்தது.

"இத ஏன்யா எங்கிட்ட சொல்லல?" என்றேன்.

"நீ கேக்கவே இல்லியே. அவ பேர எடுத்தாலே உலக்கையத் தூக்குவ. எனக்கு இருக்கிறது ஒரு மண்டை" என்றார்.

அவர் போன பிறகு லூக்குவிடம் சண்டை போட்டேன். பத்து வருடமாக மண்ணுக்கடியில் இருக்கிறவரிடம். முகத்துக்குள் இருக்கும்போது கேட்டதை வெளியே வந்து பேசுகிறவனுக்கு மறுபடி முகம் கிடையாது, அந்தக் கட்டுப்பாடு எனக்குத் தெரியும். அதற்காக இருபத்தெட்டு வருடம் என் கையால் சாப்பிட்டுக்கொண்டு, நான் உன்னைத் திட்டும்போதெல்லாம் சட்டியையே பார்த்துக்கொண்டு இருந்திருக்கிறார். கடைசியில் "அஹூவைக் கூப்பிடு" என்றார். வாயிலிருந்து அந்தக் குச்சி எடுத்தாயிற்று என்று நினைத்திருப்பார் போல. உன்மேல் ஆசை வைத்திருந்தார் என்று பத்து வருடமாக நான் அவரை வெறுத்துக்கொண்டிருக்கிறேன். அதையும் இப்போது எங்கே கொண்டுபோய் வைப்பது?

பிள்ளை காய்ச்சலில் போனது. அது எனக்கு அன்றைக்கே தெரியும். யாரையாவது அடிக்க வேண்டும்போல் இருந்தது. நீதான் பக்கத்தில் இருந்தாய்.

வாயில் தண்ணீர் வைக்கிறேன். வா.

அமெனான்


சூப்ரே, கோகோ தோட்டம்
1991 பிப்ரவரி 18

அக்கா,

வெள்ளிக்கிழமை மாலைக்குள் வந்துவிடுவேன். சின்னம்மா வீட்டில் படுத்துக்கொள்கிறேன்.

உன்னைச் சுவர் ஓரமாக உட்கார வைக்க விடாதே. நாற்காலியைக் கூட்டத்தின் நடுவில், துணிமறைப்புக்கு நேர் எதிரே போடச் சொல். ப்ரூவிடம் நான் சொன்னதாகச் சொல்.

எனக்கு மூச்சு வாங்குகிறது, முட்டி தேய்ந்துவிட்டது. ஆட்டம் காலில் இருக்கிறதா என்று கோகோ உலர்த்தும் களத்தில் நேற்று ஆடிப் பார்த்தேன். இருக்கிறது. தோட்டத்து ஆட்கள் கிழவிக்குப் பேய் பிடித்துவிட்டது என்று வேலையை விட்டு ஓடிவந்தார்கள்.

நீலத் துணி என்னிடம்தான் இருக்கிறது.

அஹூ


அலுவாக்ரோ
1991 மார்ச் 9

அஹூ,

நீ லாரி ஏறியதிலிருந்து எழுத வேண்டும் என்று இருக்கிறேன். வாயால் சொல்ல வராதது கையால் வருமா என்று பார்க்கிறேன். நீ இங்கிருந்த ஆறு நாளில் நாம் கிழங்கைப் பற்றியும் மூட்டு வலியைப் பற்றியும்தான் பேசினோம்.

தண்ணீர் துப்பியதைப் பற்றி எழுத மாட்டேன். நீ எதிரில் நின்றாய், பார்த்தாய். துப்பிய பிறகு மீதித் தண்ணீர் இருந்த கலயத்தை நீ ஊர்ப் பெண்கள் பக்கம் நீட்டினாய். அதை முதலில் வாங்கிக் குடித்தது அமுவான். பிள்ளை வயிற்றில் இருக்கிறவள், யோசிக்காமல் வாங்கிக் குடித்தாள். அதற்காக அவளுடைய சூயிங்கம்மை மன்னித்திருக்கிறேன். இந்த மழைக்காலம் வரைக்கும்.

நான் சொல்ல வந்தது அதன் பிறகு நடந்ததை. முதலில் ஆட்டு முகம் ஆடியது, மாட்டு முகம் ஆடியது, சனங்கள் சிரித்தார்கள். பிறகு துணி விலகியது. நீ முதலில் வந்தாய், நீலத் துணியில், தோளெல்லாம் வெள்ளைக் களிமண் பூசிக்கொண்டு, முதுகைக்கூட வளைக்காமல். உன் பின்னால் அது வந்தது.

அஹூ, நீ சொன்னது சரி. நான் அதைப் பார்த்ததே இல்லை. நாற்பத்திரண்டு வருடம் அதன் பக்கத்தில் நடந்தேன். அது தன் கண்ணைத் தாழ்த்தியிருக்கிறது என்று எனக்குத் தெரியாது. உதடு மூடியிருக்கிறது, ஆனால் சிரிப்பை அடக்குகிறது. அந்தச் சிரிப்பு எங்கிருந்து வந்தது தெரியுமா? ஓடைக்கரையில் நீ கல்லெடுக்கவா என்று கேட்டபோது அடக்கியது. வேறு எப்போது அந்த ஆள் அதைப் பார்த்திருக்க முடியும்? மூக்கை மட்டும் நீட்டிவிட்டான். எனக்கு இவ்வளவு நீள மூக்கு கிடையாது. இருபத்து நான்கு வயதில் நான் இப்படி இருந்திருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

பாட்டுக்காரன் "அமெனானின் முகம் வருது" என்றான். பக்கத்தில் இருப்பவள் குரல் கொடுக்க வேண்டும். நீ கொடுக்கவில்லை. கவரியைத் தரையில் போட்டாய். ப்ரூ ஒரு காலைத் தூக்கியபடியே நின்றான், முழங்கால் நன்றாகவே மடங்கியிருந்தது. மேளம் நின்றது. உனக்கு ஆட்டம் மறந்துவிட்டது என்று நினைத்தேன். பிறகு நீ என் நாற்காலியைப் பார்த்து நின்றாய், உன்னோடு முகமும் என்னைப் பார்த்து நின்றது. ஊர் முழுவதும் வாயை மூடிக்கொண்டு எனக்காகக் காத்திருந்தது.

சுவருக்கு அந்தப் பக்கம் அன்று இப்படித்தான் இருந்திருக்கும்.

ஒரு மூச்சு. இரண்டு. மூன்றாவதில்தான் எனக்குக் குரல் வந்தது. "நான்தான்" என்றேன். நீ குனிந்து கவரியை எடுத்தாய். காங்கா மேளத்தில் கையை வைத்தார்.

சின்னம்மா பார்த்திருப்பாள்.

அடுத்த சாவுக்கும் நீதான் நிற்க வேண்டும். அது என்னுடையதாகத்தான் இருக்கும், அவசரப்படாதே. அன்று பாட்டுக்காரன் யார் பெயரைப் பாடினாலும் நின்றுவிடாதே. உன் பெயரைப் பாடினாலும் ஆடிக்கொண்டே இரு. நான் சொன்னேன் என்று சொல்.

நீலத் துணியைப் பற்றி. புறப்படுகிற அன்று அதை மடித்து என் தலைமாட்டில் வைத்துவிட்டுப் போயிருக்கிறாய். எனக்குத் தெரியாது என்று நினைத்தாயா? ஓரத்தில் கோகோக் கறை, இரண்டு இடத்தில் கிழிசல். நான் கொடுத்தபோது இப்படி இல்லை. லாரிக்காரனிடம் கொடுத்து அனுப்பியிருக்கிறேன். கிழிசலைத் தைத்து நீயே வைத்துக்கொள்.

உன் அக்கா
அமெனான்